கிராமப் பள்ளிக்குக் கதையாசிரியர் வருகை

கிராம முன்னேற்றம் என்றவுடன் பாலம், பாட்டை, குடிநீர்க் கிணறு, பள்ளிக் கட்டடம் ஆகியவை நம் நினைவிற்கு வருவது இயல்பே. அவற்றைக் கண்ணால் காணலாம், அளந்து கணக்கெழுதலாம், திறப்பு விழாவும் நடத்தலாம். அப்பள்ளிக் கட்டடத்தினுள் அமர்ந்திருக்கும் பிள்ளை ஒரு புத்தகத்தைத் தானே விரும்பி எடுத்துப் படிக்கின்றதா என்பதை அவ்வாறு அளக்க இயலாது. ஆதலின் அது பஞ்சாயத்தின் நிகழ்ச்சி நிரலில் பெரும்பாலும் இடம் பெறுவதில்லை.

எனினும் பிற்கால வாழ்வில் இதன் விளைவு வெளிப்படையாகவே தெரிகின்றது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தும், ஒரு பத்தியைப் படித்து அதன் கருத்தை உணர இயலாதவர்கள் நம் ஊர்களில் உளர். பூச்சி மருந்துப் புட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் அளவையும் எச்சரிக்கையையும் அவர்கள் பிறரைக் கேட்டே அறிய வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பத்திரத்திற்குக் கையெழுத்திடும்போதும், பட்டாவில் சர்வே எண் சரியாக உள்ளதா என்று பார்க்கும்போதும் அடுத்தவர் சொல்லையே நம்ப வேண்டும். இவர்களும் பள்ளிக்கூடம் சென்றவர்களே. பள்ளியை விட்டபின் படிப்பதற்கென ஒன்றையும் கையில் எடுக்காமையால், கற்றது சிறிது சிறிதாகக் கைநழுவிப் போயிற்று. பாடப் புத்தகத்திற்கு அப்பால் நான்கு புத்தகங்களையேனும் விரும்பிப் படித்த பிள்ளைக்கு இந்நிலை எளிதில் நேராது. அவ்விருப்பத்தை உண்டாக்கும் வழிகளுள் ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை கூற முற்படுகின்றது. குழந்தைகளுக்கென எழுதும் ஆசிரியர் ஒருவரைப் பள்ளிக்கோ நூல் நிலையத்திற்கோ அழைத்து வந்து, பிள்ளைகளுக்குக் கதை சொல்லச் செய்வதே அவ்வழியாகும்.

கதை கேட்பது நம் மக்களுக்குப் புதிதன்று. வில்லுப்பாட்டும் தெருக்கூத்தும் நடந்த ஊர்கள் இவை. களத்து மேட்டில் நெல்லுக்குக் காவல் கிடந்தவர்கள் இரவெல்லாம் கதை சொல்லியே தூக்கத்தை விரட்டினர். கரிசல் மண்ணின் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் (1923–2021) இடைசெவல் கிராமத்தில் உழவுத் தொழில் புரிந்தவர். அவர் திரட்டித் தந்த நாட்டுப்புறக் கதைகள் யாவும் இத்தகைய மக்களின் வாயிலிருந்தே பெறப்பட்டவை. ஆயினும் பாட்டி சொல்லும் கதைக்கும் எழுத்தாளர் வந்து சொல்லும் கதைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பாட்டியின் கதை அவருடைய நாவிலேயே இருக்கின்றது. எழுத்தாளரின் கதையோ புத்தகத்தில் இருக்கின்றது. அவர் ஊரைவிட்டுச் சென்ற பின்னும் பிள்ளை அதைத் தேடிச் சென்று மறுபடியும் அடையலாம். காதில் இனித்தது ஒரு தாளில் கிடக்கின்றது என்பதைப் பிள்ளை அறிந்துகொள்ளும் அந்த ஒரு கணத்திற்காகவே இவ்வளவு ஏற்பாடும்.

இம்முறையைப் பள்ளிக்கூடத்தில் ஆராய்ந்து பார்த்தவர்களுள் குஜராத்தைச் சேர்ந்த ஜிஜுபாய் பதேக்கா (1885–1939) முதன்மையானவர். வழக்கறிஞராக இருந்த அவர் அத்தொழிலை விட்டுக் கல்விப் பணியில் ஈடுபட்டு, 1920-ஆம் ஆண்டில் பாவநகரில் குழந்தைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். குழந்தைகளுக்கெனக் குஜராத்தியில் மிகப் பல கதைகளை எழுதியதோடு, கதை சொல்லும் முறை பற்றியும் தனியே ஒரு நூல் செய்தார். ‘பகல் கனவு’ என்னும் பெயரில் தமிழிலும் வெளிவந்துள்ள அவரது நூலில், ஓர் ஆசிரியர் நான்காம் வகுப்பை ஏற்றுக்கொண்டு பழைய முறைகளை மாற்றிக் காட்டுகின்றார். கூச்சலும் குழப்பமுமாக இருந்த வகுப்பைக் கதை சொல்லியே அவர் வயப்படுத்துகின்றார். கதையார்வம் முற்றியபின் வகுப்பிற்கென ஒரு நூல் நிலையத்தையும் அமைக்கின்றார். கதை முன்னே சென்றது, புத்தகம் அதன் பின்னே வந்தது என்னும் இந்த வரிசை நாம் குறித்துக்கொள்ளத் தக்கது. நம் ஊர்களில் பெரும்பாலும் இது தலைகீழாகவே நடைபெறுகின்றது. முதலில் பீரோ வருகின்றது. பின்பு புத்தகக் கட்டு வருகின்றது. அதைத் திறக்கத் தூண்டும் கதை மட்டும் வருவதில்லை.

தமிழிலும் இத்துறையில் பெரியோர் பலர் உழைத்துள்ளனர். கொங்கு நாட்டு உழவர் குடியில் 1908-ஆம் ஆண்டு பிறந்த பெ. தூரன், பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய பின், தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத்திற்குத் தலைமைப் பதிப்பாசிரியரானார். பெரியோர்க்கான பத்துத் தொகுதிகள் நிறைவுற்றதும் ஓய்வு கொள்ளாது, குழந்தைகளுக்கெனவும் பத்துத் தொகுதிகள் கொண்ட களஞ்சியம் ஒன்றை அவர் உருவாக்கினார். புதுக்கோட்டைப் பகுதியின் இராயவரத்தில் 1922-இல் பிறந்த அழ. வள்ளியப்பா வங்கிப் பணியில் இருந்துகொண்டே பாடல்களும் கதைகளும் எழுதிக் குழந்தைக் கவிஞர் என வழங்கப் பெற்றார். 1950-இல் தோன்றிய குழந்தை எழுத்தாளர் சங்கத்திற்கு அவரே உயிர்நாடியாக விளங்கினார். இந்நாளில் தமிழில் குழந்தைகளுக்கென எழுதுவோர் தொகை பெருகியுள்ளது. சாகித்திய அகாதெமி 2010-ஆம் ஆண்டு முதல் சிறுவர் இலக்கியத்திற்கெனத் தனிப் பரிசு வழங்கி வருகின்றது. இவர்களுள் பலர் தாமே பள்ளி ஆசிரியர்கள். கிராமத்தில் வாழ்வோரும் உளர். ஆதலின் எழுத்தாளர் என்றால் சென்னையிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை.

எழுத்தாளரை அழைக்குமுன் பஞ்சாயத்து உறுப்பினர்கள் தம் ஊர் நூல் நிலையத்தின் வரலாற்றையும் வகையையும் தெளிவாக அறிந்திருத்தல் நலம். ஏனெனில், கதை கேட்ட பிள்ளை மறுநாள் காலை அங்கேதான் செல்லப் போகின்றது.

புத்தகத்தைக் கிராமத்திற்குக் கொண்டு செல்லும் முயற்சியில் தஞ்சைத் தரணிக்குத் தனிப் பெருமை உண்டு. 1931-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், மன்னார்குடிக்கு அருகிலுள்ள மேலவாசல் கிராமத்தில், மாட்டு வண்டியில் அமைந்த நடமாடும் நூல் நிலையம் தொடங்கி வைக்கப்பட்டது. கனகசபைப் பிள்ளை என்னும் அன்பர் அவ்வண்டியை அமைத்தார். சீர்காழியில் பிறந்து, நூலகத் துறையில் உலகப் புகழ் பெற்ற எஸ். ஆர். இரங்கநாதனும் அவ்வியக்கத்தில் பங்கு கொண்டார். நெல் ஏற்றிப் பழகிய பாட்டையில் புத்தகம் ஏறிச் சென்றது. அதன்பின் 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அப்போது கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் அச்சட்டத்தைக் கொண்டு வந்தார். தூரன் பணியாற்றிய வித்தியாலயத்தை நிறுவியவரும், கலைக்களஞ்சியம் வெளியிட்ட தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. விடுதலை பெற்ற இந்தியாவில் மாகாணம் ஒன்று இயற்றிய முதல் நூலகச் சட்டம் இதுவாகும்.

இச்சட்டத்தின் உயிர் நூலக வரியில் இருக்கின்றது. வீட்டு வரியாகவோ சொத்து வரியாகவோ மக்கள் செலுத்தும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பத்துக் காசு நூலக வரியாக உடன் வசூலிக்கப்படுகின்றது. ஒருவர் 200 ரூபாய் வீட்டு வரி செலுத்தினால் அதன்மேல் 20 ரூபாய் நூலக வரி. ஒரு பஞ்சாயத்தில் ஓராண்டில் ஒரு லட்சம் ரூபாய் வீட்டு வரி வசூலானால், பதினாயிரம் ரூபாய் நூலகத்திற்கு உரியதாகின்றது. இத்தொகை பஞ்சாயத்தின் சொந்தப் பணமன்று. மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் செலுத்தப்பட வேண்டியது. வேறு செலவிற்கு எடுத்துக்கொண்டு பின்னர்ச் சரிக்கட்டலாம் என்று நிலுவை வைப்பது, வாய்க்காலின் தலைமடையை அடைத்துவிட்டுக் கடைமடையில் நீர் வரவில்லை என்று வருந்துவதை ஒக்கும். வரியை ஒழுங்காகச் செலுத்திய பஞ்சாயத்து, தன் ஊர் நூல் நிலையத்திற்குச் சிறுவர் நூல்கள் போதிய அளவு வேண்டும் என்று ஆணைக்குழுவிடம் தலைநிமிர்ந்து கேட்கலாம்.

ஆணைக்குழுவின் கீழ் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் எனப் பல நிலைகள் உள்ளன. இவையன்றி, 2006 முதல் 2011 வரை நடைபெற்ற அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ், ஊராட்சிதோறும் ஒரு நூலகம் அமைக்கப்பட்டது. இந்த இரண்டாம் வகை நூலகம் ஊரக வளர்ச்சித் துறையின் வழியாக வந்தது. அதைப் பேணும் பொறுப்பு பஞ்சாயத்தையே சார்ந்தது. இவ்வேறுபாட்டை அறியாமையால் பல ஊர்களில் ஒரு குழப்பம் நேர்ந்தது. பூட்டிக் கிடக்கும் கட்டடத்தைக் காட்டி, நூலகத் துறையார் திறக்கவில்லை என்று ஊரார் குறை கூறினர். அக்கட்டடமோ பஞ்சாயத்துடையது, சாவியும் அங்கேதான் இருந்தது. ஓரிரு ஆண்டுகள் திறக்கப்படாத அறையில் கரையான் என்ன செய்யும் என்பதை உழவர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. எழுத்தாளர் வருமுன் முதலில் நடைபெற வேண்டியது அவ்வறையைத் திறந்து, பெருக்கி, புத்தகங்களை வெயிலில் உலர்த்தி, கெட்டவை போக எஞ்சியவற்றைப் பதிவேட்டுடன் ஒத்துப் பார்ப்பதாகும்.

இனி, கதை சொல்லுதல் பிள்ளையின் கல்விக்கு எவ்வாறு துணை செய்கின்றது என்பதைச் சிறிது விரிவாக நோக்குவோம். தமிழ்ப் பிள்ளைக்குப் பிற மொழிப் பிள்ளைகள் பலர்க்கும் இல்லாத ஓர் இடர்ப்பாடு உண்டு. வீட்டில் பேசும் தமிழ் வேறு. புத்தகத்தில் எழுதியிருக்கும் தமிழ் வேறு. வீட்டில் ‘வந்துட்டான்’ என்று கேட்டுப் பழகிய காதிற்குப் பள்ளியில் ‘வந்துவிட்டான்’ என்றும் ‘வந்தனன்’ என்றும் சொற்கள் வந்து சேர்கின்றன. எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி அச்சொல்லை அடைந்த பின்னரும், அது தான் நாள்தோறும் வாயால் சொல்லும் அதே சொல்தான் என்பது பிள்ளைக்கு விளங்குவதில்லை. படித்த பெற்றோரின் வீட்டில் நாளிதழும் புத்தகமும் உரக்கப் படிக்கப்படுவதால், அப்பிள்ளையின் காதில் எழுத்துத் தமிழ் முன்னமே விழுந்திருக்கும். குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு அவ்வாய்ப்பு இல்லை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைக்கும், மலைவாழ் மக்களின் மொழி பேசும் பிள்ளைக்கும் இடைவெளி இன்னும் பெரிது. இதனை மந்த புத்தி என்று கருதி ஒதுக்கிவிடும் வழக்கம் உண்டு. அது அறிவின் குறையன்று. காதின் பழக்கக் குறையே.

கதையாசிரியர் இவ்விடைவெளியில் பாலம் அமைக்கின்றார். தேர்ந்த கதையாசிரியர் முதலில் கதையைப் பேச்சு மொழியிலேயே சொல்லத் தொடங்குவார். நரியின் குரலும் கிழவியின் நடையும் அவர் உடலிலேயே தோன்றும். பிள்ளைகள் கதைக்குள் முற்றும் புகுந்த பின், மிகச் சுவையான ஓர் இடத்தில் நிறுத்தி, கையிலிருக்கும் புத்தகத்தைத் திறந்து அந்த இடத்தை மட்டும் எழுதியுள்ளவாறே படிப்பார். இப்போது பொருள் முன்னமே தெரிந்திருப்பதால் எழுத்துத் தமிழின் ஓசை தடையின்றி உள்ளே செல்லும். பின்னர் அப்பக்கத்தைப் பிள்ளைகளிடம் காட்டி, அதே வரியை அவர்களில் ஒருவரைக் கொண்டு படிக்கச் செய்வார். வகுப்பில் ஒரு பத்தியைப் படிக்கத் தயங்கும் பிள்ளை, தனக்கு முன்னமே தெரிந்த கதையாதலின் அஞ்சாது படிக்கும். ஓரிரு சொற்களை ஊகித்தே படித்தாலும் குற்றமில்லை. ஊகமும் படிப்பின் ஒரு பகுதியே. ஒரே கதையை மறுநாளும் அதற்கு மறுநாளும் ஆசிரியர் படித்துக் காட்டினால் பிள்ளை சலிப்படையாது. பெரியவர்களுக்கே தெரிந்த கதை சலிக்கும். பிள்ளைகள் தெரிந்த கதையைத்தான் மீண்டும் கேட்பார்கள்.

அரசின் கல்வித் துறையும் அண்மைக் காலத்தில் இத்திசையில் சில முயற்சிகளை மேற்கொண்டுள்ளது. 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் கதை, பாடல், விளையாட்டு ஆகியவற்றின் வாயிலாகப் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். பள்ளிப் பிள்ளைகளுக்கென ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்னும் இதழ்கள் 2022-இல் தொடங்கப் பெற்றன. 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில், பிள்ளைகளின் படிக்கும் திறத்திற்கேற்ப நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளில் சிறு நூல்கள் ஆக்கப்பட்டன. எழுத்தாளர் வரும் ஊர்ப் பள்ளியில் இவை பீரோவினுள் உறங்குகின்றனவா, பிள்ளைகளின் கையில் உள்ளனவா என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பஞ்சாயத்து உறுப்பினர் ஒருமுறை நேரில் பார்ப்பது நன்று.

வருகைக்குரிய ஏற்பாடுகளைப் பற்றி இனிக் கூறுவோம். எல்லாவற்றிலும் முக்கியமானது, எழுத்தாளர் வருமுன்னரே அவர் எழுதிய நூல்களில் இரண்டு மூன்றேனும் பள்ளிக்கு வந்து சேர்வதாகும். பதினைந்து நாள் முன்னதாக ஆசிரியர் அவற்றைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டியிருந்தால், வரும் விருந்தினர் யாரோ ஒரு பெரிய மனிதராக இல்லாமல், தாம் அறிந்த கதையின் சொந்தக்காரராகத் தோன்றுவார். அப்போதுதான் வினாக்கள் எழும். ‘அந்த ஆட்டுக்குட்டி கடைசியில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா, ஐயா?’ என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்பது, எத்தனை வரவேற்புப் பத்திரங்களும் தர இயலாத மகிழ்ச்சியை எழுத்தாளர்க்குத் தரும். நூல்கள் முன்கூட்டி வராத ஊரில் பிள்ளைகள் கைகட்டி அமர்ந்திருப்பார்கள், வினா இராது.

பிள்ளைகளின் தொகை முப்பது, நாற்பதிற்கு மேற்படாதிருத்தல் வேண்டும். ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் திடலில் கூட்டி, ஒலிபெருக்கி வைத்துக் கதை சொல்லச் செய்வது பயனற்ற வேலை. கதை சொல்பவரின் கண்ணும் கேட்பவரின் கண்ணும் சந்திக்க வேண்டும். சிறு வகுப்பாரையும் பெரிய வகுப்பாரையும் வெவ்வேறு வேளைகளில் அமர்த்தலாம். சிறியவர்க்கு அரை மணி போதும். பத்து வயதிற்கு மேற்பட்டவர்கள் ஒரு மணி நேரம் வரை அமர்வார்கள். வேப்ப மரத்தடியில் ஜமக்காளம் விரித்து, எழுத்தாளரும் அவர்களோடு தரையில் அமர்ந்தால் அதைவிட நல்ல அரங்கம் வேறில்லை. கண் பார்வையோ செவியோ குறைந்த பிள்ளைகளை முன் வரிசையில் இருத்துவதும், தாய் வேலைக்குச் சென்றமையால் தங்கையைக் கையில் தூக்கி வரும் சிறுமியைத் திருப்பி அனுப்பாதிருப்பதும் ஏற்பாட்டாளர் நினைவில் வைக்க வேண்டியவை. நிகழ்ச்சி முழுவதும் வகுப்பாசிரியர் ஒருவர் உடனிருக்க வேண்டும். விருந்தினர் எவரிடமும் பிள்ளைகளைத் தனியே ஒப்படைத்துச் செல்லுதல் முறையன்று.

நம் ஊர்களில் விருந்தினர்க்கு மரியாதை செய்யும் முறையைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டியிருக்கின்றது. பொன்னாடை, மாலை, வரவேற்புரை, முன்னிலை வகிப்போர் உரை, வாழ்த்துரை, நன்றியுரை என இவற்றிற்கே ஒன்றரை மணி நேரம் சென்று, கதைக்குப் பத்து நிமிடம் எஞ்சுமானால், பிள்ளைகள் அன்று கற்றுக்கொள்வது, பெரியவர்கள் நெடுநேரம் பேசுவார்கள் என்பதை மட்டுமே. பஞ்சாயத்துத் தலைவர் இரண்டு நிமிடம் பேசி, பிள்ளைகளின் பின்னால் சென்று அமர்ந்து தாமும் கதை கேட்பாராயின் அதுவே பெரிய மரியாதை. பொன்னாடைக்குச் செலவிடும் தொகைக்குச் சிறுவர் நூல்கள் நான்கைந்து வாங்கலாம். எழுத்தாளர்களுள் இதை விரும்பாதவர் எவரும் இரார்.

கதை முடிந்தவுடன் ‘இக்கதையால் நாம் அறியும் நீதி யாது?’ என்று கேட்கும் பழக்கத்தையும் அன்று ஒரு நாளேனும் விட்டுவிடலாம். நீதி வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. அதைப் பிடுங்கி எடுத்துக் கரும்பலகையில் எழுதினால், கதை பாடமாகிவிடுகின்றது. பிள்ளை மறுபடியும் தேர்வு எழுதும் மனநிலைக்குத் திரும்பிவிடுகின்றது. அதற்கு மாறாக, கதையில் பிடித்த ஓர் இடத்தைப் படமாக வரையச் சொல்லலாம். முடிவை வேறு விதமாக மாற்றச் சொல்லலாம். தம் வீட்டுத் தாத்தாவிடமோ அப்பாயியிடமோ ஒரு கதை கேட்டு வந்து மறுநாள் சொல்லுமாறு பணிக்கலாம். இக்கடைசி முயற்சி தனிச் சிறப்புடையது. எழுதப் படிக்க அறியாத முதியவர் ஒருவர் சொன்ன கதையைப் பேரப்பிள்ளை எழுதிக் கொண்டுவந்து, அதை ஆசிரியர் வகுப்பில் படிக்கும்போது, அம்முதியவரும் அவ்வூர்ப் பள்ளிக்குக் கற்பித்தவராகின்றார். அவ்வாறு திரண்ட கதைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பிள்ளைகள் வரைந்த படங்களுடன் தைத்து நூல் நிலையத்தில் வைக்கலாம். அவ்வூரைத் தவிர உலகில் வேறெங்கும் கிடைக்காத புத்தகம் அது.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் உழவர்களே நல்ல யோசனை கூற வல்லவர்கள். நவம்பர் 14 குழந்தைகள் நாள். அன்று தொடங்கி 20-ஆம் நாள் வரை தேசிய நூலக வார விழா. நாள் பொருத்தமானதே, ஆனால் நம் நாட்டில் அது வடகிழக்குப் பருவமழையின் நடுக்காலம். மழை விடுமுறையால் நிகழ்ச்சி நின்றுபோவதும், டெல்டாப் பகுதியில் பாட்டையில் வண்டி செல்ல இயலாமற் போவதும் உண்டு. நடவிலும் அறுப்பிலும் பெற்றோர் இருவரும் வயலுக்குச் சென்றுவிடுவதால், பெரிய பிள்ளைகள் வீட்டுக் காவலுக்கும் குழந்தை பார்ப்பதற்கும் நின்றுவிடுவார்கள். எனவே அவ்வூரில் எம்மாதத்தில் வேலை குறைவோ, எந்த நாள் வாரச் சந்தை இல்லையோ, அந்நாளே அவ்வூருக்கு ஏற்ற நாள். சர்வதேசக் குழந்தைகள் புத்தக நாள் ஏப்ரல் 2-இல் வருகின்றது. அவ்வேளையில் தேர்வு நெருங்கிவிடும் என்பதையும் கருத வேண்டும்.

எழுத்தாளரை எங்கே தேடுவது என்று பலர் கேட்கலாம். கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்னும் அமைப்பு உண்டு. அவ்வட்டத்தாரும் நூலகரும் தம் மாவட்டத்தில் குழந்தைகளுக்கென எழுதுவோரை அறிந்திருப்பர். மாவட்டத் தலைநகரில் புத்தகத் திருவிழா நடைபெறும் நாட்களில் எழுத்தாளர்கள் அங்கு வந்து தங்குவதால், அருகிலுள்ள ஊர்கள் அவ்வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இரண்டு மூன்று பஞ்சாயத்துகள் கூடி ஒருவரை அழைத்தால் காலையில் ஓர் ஊர், மாலையில் ஓர் ஊர் என ஒரே பயணத்தில் முடியும், செலவும் பங்காகும். போக்குவரத்துச் செலவையும் ஒரு சிறு மதிப்பூதியத்தையும் கொடுத்தே அழைக்க வேண்டும். எழுதுவது ஒரு தொழில். உழவர் தம் விளைச்சலை இலவசமாகத் தர வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. இச்செலவைப் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கிராம சபையிலும் முன்வைத்து, ஊராரின் இசைவோடு ஏற்பாடு செய்தால் பின்னர்ப் பேச்சுக்கு இடமிராது. அரசுப் பொது நூலகங்களுக்கு ஆயிரம் ரூபாய் செலுத்திப் புரவலராகும் வழியும் உண்டு. வெளியூரில் வேலை பார்க்கும் ஊர்ப் பிள்ளைகள் கோயில் திருவிழாவிற்கு வரும்போது இதனை எடுத்துச் சொன்னால் மறுக்க மாட்டார்கள்.

வருகை முடிந்த மறுவாரமே உண்மையான வேலை தொடங்குகின்றது. கதை கேட்ட பிள்ளைகள் நூல் நிலையத்தின் வாயிலில் வந்து நிற்பார்கள். பள்ளி நடைபெறும் நேரத்தில் மட்டும் திறந்திருக்கும் நூல் நிலையத்தால் அவர்களுக்குப் பயனில்லை. மாலை நான்கரை மணிக்கு மேலும், விடுமுறை நாளின் காலையிலும் அது திறந்திருக்க வேண்டும். பகுதி நேர நூலகமாயின் எந்த நேரத்தில் திறப்பது பிள்ளைகளுக்கு ஏற்றது என்று மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதிக் கேட்கலாம். ஊராட்சி நூலகமாயின் முடிவு பஞ்சாயத்தின் கையிலேயே உள்ளது. சிறுவர் நூல்களைப் பூட்டிய பீரோவிலிருந்து எடுத்து, ஏழு வயதுப் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில், அட்டைப்படம் வெளியே தெரியுமாறு பலகைத் தட்டில் வைக்க வேண்டும். சுவரில் கயிறு கட்டி அதில் புத்தகங்களைத் தொங்கவிட்டாலும் போதும். தச்சருக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. வீட்டிற்கு எடுத்துச் செல்ல அனுமதித்தால் சில புத்தகங்கள் கிழியும். ஒன்றிரண்டு காணாமலும் போகும். கிழிந்த புத்தகம் படிக்கப்பட்ட புத்தகம். ஆண்டுத் தணிக்கையின்போது அவற்றைப் படித்துத் தேய்ந்தவை என்று எழுதி நீக்குவதற்கு இடம் வைத்துக்கொள்வதே முறை. அந்தப் பயத்தால் பிள்ளைகளின் கையில் புத்தகம் தராது பூட்டி வைத்திருக்கும் நூலகர்களும் ஆசிரியர்களும் உளர். அவர்களைக் கடிந்துகொள்வதைவிட, இழப்பிற்கு அவர்கள் சொந்தப் பணத்தில் ஈடு செய்ய வேண்டியதில்லை என்று பஞ்சாயத்து எழுத்து மூலம் தீர்மானித்துக் கொடுப்பது பயன் தரும்.

எந்தப் பிள்ளை எந்தப் புத்தகத்தை எடுத்துச் சென்றது என்பதற்கு ஒரு சிறு பதிவேடு போதும். அதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே முறை வைத்து எழுதலாம். ஐந்தாம் வகுப்பை முடித்து அடுத்த ஊர் நடுநிலைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் பெயர்களை அதிலிருந்து நீக்கிவிடாமல் வைத்திருக்க வேண்டும். அவர்கள் மாலையில் திரும்பி வருவதும் இதே ஊருக்குத்தான். படிப்பை இடையில் நிறுத்தி வயல் வேலைக்கோ ஆலை வேலைக்கோ சென்றுவிட்ட பிள்ளையின் பெயரும் அப்பதிவேட்டில் தொடர்ந்து இருக்கலாம். ஆறு மாதத்திற்கு ஒருமுறை பஞ்சாயத்துக் கூட்டத்தில் அப்பதிவேட்டை மேசைமேல் வைத்து, எத்தனை பெயர்கள் அதில் வளர்ந்தன, எவை நின்றுவிட்டன என்று பார்த்து, நின்றுபோன பெயர்களுக்குரிய வீடுகளுக்கு உறுப்பினர் ஒருவரேனும் சென்று வருவது நன்று.